ஐந்தாவது ரீடிங்கும் அணுக்கருவின் ஆரமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "செமினாருக்குத் தயார் செய்ததையே எழுதிக் கொடுத்துடு மச்சி" என்றார்கள் நண்பர்கள். அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் செய்வதுதான், எவரும் எழுதுவதில்லை.

நான்காவது செமஸ்டர் லேப். 12 வோல்ட் ரெகுலேட்டட் பவர் சப்ளையில் லோடைக் கூட்டிக்கொண்டே போய் வெளிவரும் மின்னழுத்தத்தைக் குறிக்க வேண்டும். 12.4, 12.4, 12.3, 12.3 என்று வந்தது. ஐந்தாவது ரீடிங் மட்டும் 11.8. கிராப் ஷீட்டில் அந்த ஒரு புள்ளி கோட்டை விட்டுக் கீழே தொங்கியது. "அசிங்கமா இருக்குடா" என்றான் பக்கத்து டேபிள் நண்பன். ரப்பரை எடுத்தேன். 12.2 என்று மாற்றினேன். கோடு அழகாக அமைந்தது. பத்துக்குப் பத்து!

இதற்கும் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் சொல்கிறேன்.

செமினார் தலைப்பு

ஆறாவது செமஸ்டரில் எங்கள் சார் எனக்குக் கொடுத்த தலைப்பு: "அரிய ஐசோடோப்புகளை லேசரால் ஆராயும் அயனிக்கற்றைப் பாதையும் அதன் மேம்பாடும்". எனக்குத் தலை சுற்றியது. "சார், இது எம்.எஸ்சி. பிசிக்ஸ் பசங்களுக்குத்தானே?" என்றேன். "படிச்சுட்டு வா தம்பி. முக்கால்வாசி நம்ம சிலபஸ்தான்" என்றார். அவர் சொன்னது சரி என்று பிறகு புரிந்தது. வெற்றிடம், உயர் மின்னழுத்தம், ரேடியோ அதிர்வெண், மீட்டர் அளவுத்திருத்தம் எல்லாமே அங்கே உண்டு.

ஒரே தனிமத்தின் அணுக்களில் புரோட்டான் எண்ணிக்கை மாறாது. நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம். அப்படி மாறியவையே ஐசோடோப்புகள். இயற்கையில் கிடைக்கும் கால்சியத்தில் பெரும்பங்கு கால்சியம்-40. அதில் 20 புரோட்டான், 20 நியூட்ரான். கால்சியம்-52 என்றும் ஒன்று உண்டு. அதில் நியூட்ரான் மட்டும் 32! அதன் அரை ஆயுள் ஐந்து நொடிக்கும் குறைவு. கடையில் வாங்க முடியாது; உண்டாக்கிய கையோடு அளந்துவிட வேண்டும்.

உண்டாக்கும் இடங்களில் மூத்தது ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் உள்ள ஐசோல்டே. 1967-ல் தொடங்கியது, 1992-ல் பூஸ்டர் என்ற முடுக்கிக்கு மாற்றப்பட்டது. அங்கே 1.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டான்கள், யுரேனியம் கார்பைடு போன்ற கொதிக்கக் காய்ச்சிய இலக்கின்மீது மோதுகின்றன. இலக்கின் அணுக்கருக்கள் சிதறிப் பலவகை ஐசோடோப்புகள் பிறக்கின்றன. அவை சூட்டில் ஆவியாகி வெளியேறுகின்றன. அயனியாக்கப்பட்டு, 30,000 முதல் 60,000 வோல்ட் வரை கொடுத்து இழுக்கப்படுகின்றன. பின்பு ஒரு காந்தம் அவற்றை நிறைவாரியாகப் பிரிக்கிறது. வேண்டிய ஐசோடோப் மட்டும் குழாய் வழியே வருகிறது. அதுதான் அயனிக்கற்றைப் பாதை. லேசர் ஆய்வுக்கென்று அங்கே பல்லாண்டுகளாக உள்ள பாதையின் பெயர் கொலாப்ஸ்.

ஒளியால் அணுக்கருவை அளப்பது எப்படி?

அணுக்கருவின் ஆரம் சில ஃபெம்டோ மீட்டர்தான். ஒரு மில்லி மீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ மீட்டர். எந்த வெர்னியரை வைப்பது?

நேராக அளக்க முடியாததால் எலக்ட்ரானைக் கேட்கிறார்கள். எலக்ட்ரான் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட ஒளியை மட்டுமே விழுங்கி மேலே எழும். பிறகு அதை உமிழ்ந்து கீழே இறங்கும். அணுக்கருவின் நிறையோ பருமனோ மாறினால் அந்த அதிர்வெண் இம்மியளவு நகரும். லேசரால் அந்த நகர்வை அளந்து, நிறையால் வந்த பங்கைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது பருமன் காட்டும் அடையாளம்.

ஆனால் தொல்லை உண்டு. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்றும், கடந்து போகும்போது கட்டையாகவும் கேட்கிறதல்லவா? அதுதான் டாப்ளர் விளைவு. 2000 டிகிரி சூட்டில் அணுக்கள் தாறுமாறாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒளியின் அதிர்வெண் வெவ்வேறாகத் தெரியும். கால்சியத்துக்கு இந்தக் குழப்பம் சுமார் 4000 மெகா ஹெர்ட்ஸ். நாம் தேடும் அடையாளமோ நூற்றுச் சொச்சம் மெகா ஹெர்ட்ஸ்தான்.

முதல் வித்தை: ஓடவிட்டு ஒழுங்குபடுத்துதல்

1976-ல் காஃப்மன் என்பவர் எழுதிய யோசனை இது. அயனிகளை வேகமாக ஓடவிட்டு, அதே நேர்கோட்டில் லேசரைச் செலுத்துங்கள் என்றார். வேகமாக ஓடினால் குழப்பம் கூடாதோ? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு கால்சியம்-40 அயனிகள். ஒன்று நிற்கிறது. இன்னொன்றுக்கு 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அதன் வேகம் நொடிக்கு 2.2 கிலோ மீட்டர். இரண்டையும் 30,000 வோல்ட் வழியே ஓட்டுங்கள். ஆற்றல் 30,000 என்றும் 30,001 என்றும் ஆகும். இரண்டின் வேகமும் நொடிக்குச் சுமார் 380 கிலோ மீட்டர். வித்தியாசம்? வெறும் 6 மீட்டர்! ஆற்றலின் வித்தியாசம் மாறவில்லை. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேக வித்தியாசம் சுருங்கிவிட்டது. 4000 மெகா ஹெர்ட்ஸ் குழப்பம் 16 மெகா ஹெர்ட்ஸாகக் குறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பு கணக்குதான். ஆனால் யாருக்கோ தோன்ற வேண்டியிருந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. லேசரின் அதிர்வெண்ணைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். அதை நிலையாக வைத்துவிட்டு அயனியின் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் போதும். அதாவது வோல்ட்டேஜ் குமிழைத் திருப்பினால் போதும். அன்று முதல் அந்தப் பாதையில் வோல்ட் மீட்டரே அளவுகோல் ஆகிவிட்டது. இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வித்தை: கேட்டைப் போட்டுத் திறப்பது

அயனி உமிழும் ஒளியைப் போட்டோமல்டிபிளையர் குழாய்கள் ஒவ்வொரு துகளாக எண்ணுகின்றன. ஆனால் குழாய்ச் சுவரில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியும் சேர்ந்தே எண்ணப்படும். ஓர் உதாரணக் கணக்கு: நொடிக்கு 5000 எண்ணிக்கை சிதறிய ஒளியால் வருகிறது, அயனியால் வருவது 10 மட்டுமே. 5000 என்பது தானாகவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், சுமார் 70. எழுபதின் ஆட்டத்தில் பத்தை எங்கே தேடுவது? கல்யாண வீட்டு லவுட் ஸ்பீக்கர் அருகே கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்பது மாதிரி.

அயனியைக் கூடுதலாக உண்டாக்கலாம் என்றால் அது லேசில் நடக்காது. எனவே இரைச்சலைக் குறைக்க வழி தேடினார்கள். ரயில்வே கேட்டை யோசியுங்கள். நாள் முழுக்க ஒவ்வொருவராகப் போகிற ஆட்களை எண்ண, நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டைப் போட்டு நிறுத்தி வைத்து ஒரே மூச்சில் திறந்துவிட்டால், அந்த ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் போதும். மற்ற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தார் 2002-ல் இதை லேசர் ஆய்வில் செய்து காட்டினர். ஐசோல்டேயில் இதற்கான கருவி 2007 இறுதியில் பாதையில் பொருத்தப்பட்டது. அதன் பெயர் இஸ்கூல்! நம் பாட்டிமார் பள்ளிக்கூடத்தைச் சொல்வது போலவே. ஓடி வருகிறவர்களை அடக்கி உட்கார வைத்து, மணி அடித்ததும் ஒன்றாக வெளியே விடும் இடம் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

உள்ளே நான்கு நீண்ட தண்டுகள். எதிரெதிர்த் தண்டுகளுக்கு ஒரே கட்டத்தில் ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம். அது ஒரு கணம் பக்கவாட்டில் நெருக்கும், மேல் கீழாக விலக்கும். அடுத்த கணம் தலைகீழ். இந்த இழுபறியின் நிகர விளைவாக அயனி நடுவிலேயே தங்கும். உள்ளே மெல்லிய ஹீலியம் வாயு. திருவிழாக் கூட்டத்தில் ஓடுகிறவன் இடித்து இடித்து வேகம் இழப்பதுபோல் அயனி ஹீலியத்தில் மோதி ஆறிப்போகும். கடைசி மின்வாயில் கேட். 100 மில்லி நொடி அடைத்து வைத்து, 10 மைக்ரோ நொடியில் வெளியே கொட்டினால் விகிதம் 10,000-க்கு 1. அந்த 10 மைக்ரோ நொடியில் மட்டும் எண்ணினால், நொடிக்கு 5000 என்ற இரைச்சல் 0.5 ஆகிவிடும். அயனியின் 10 மட்டும் அப்படியே நிற்கும். அயனி ஒன்றுகூடக் கூடவில்லை. காது கூர்மையாகிவிட்டது, அவ்வளவுதான்.

எலக்ட்ரிக்கல் தோழர்களுக்கு ஒரு கேள்வி: 30,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வரும் அயனியை இந்தக் கருவிக்குள் எப்படி மெதுவாக்குவது? கருவி முழுவதையும் ஏறக்குறைய 30,000 வோல்ட்டில் உட்கார வைக்க வேண்டும். மலை ஏறி வந்தவன் உச்சியில் களைத்து நடப்பதுபோல் அயனி மெதுவாக உள்ளே நுழையும். வெளியே போகும்போது மறுபடி இறக்கத்தில் ஓடும். ஆகவே பவர் சப்ளை, ஆர்.எஃப். எல்லாம் காப்பிடப்பட்ட உயர் அழுத்த மேடைமீது!

மெக்கானிக்கல் தோழர்களையும் விட்டுவிடவில்லை. அதே ஐசோல்டேயில் கிரிஸ் என்றொரு பாதை. அங்கே ஒளியை எண்ணுவதற்குப் பதில் லேசராலேயே அயனியாக்கி, அந்த அயனியை எண்ணுகிறார்கள். ஆனால் குழாயில் மிச்சமிருக்கும் காற்றில் மோதியும் அணு அயனியாகலாம். அது பொய்க் கணக்கு. எனவே அங்கே வெற்றிடம் நன்றாக இருந்தால்தான் பதில் நம்பத்தக்கது. ஒரு ஃபிளாஞ்சில் கசிவு இருந்தால் அது பம்பின் பிரச்சினையோடு நிற்காது. அணுக்கருவைப் பற்றிய பொய்யாகவும் வெளிவரும்.

மூன்றாவது வித்தை: மீட்டரை நம்பாதே

செமினார் ஒத்திகையில் இதுவரை சொல்லி முடித்தேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அந்த 30,000 வோல்ட்டைக் காட்டுற மீட்டர் அஞ்சு வோல்ட் தப்பா காட்டினா என்ன ஆகும்?"

"ஆறாயிரத்துல ஒரு பங்கு சார். பரவாயில்லை" என்றேன்.

"கணக்குப் போட்டுட்டு வா."

போட்டேன். பெரிலியம் என்ற லேசான தனிமம். அதன் 10, 11 ஐசோடோப்புகளை 313 நானோ மீட்டர் புற ஊதா லேசரால் ஒப்பிடுகிறோம். 30,000 வோல்ட்டில் 1 வோல்ட் தவறினால் பெரிலியம்-10-க்குச் சுமார் 40.5 மெகா ஹெர்ட்ஸ் பிசகு. பெரிலியம்-11-க்குச் சுமார் 38.6. மீட்டர் இரண்டுக்கும் ஒரே தவறைச் செய்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் முழுதும் கழியாது. வோல்ட்டுக்குச் சுமார் 2 மெகா ஹெர்ட்ஸ் மிஞ்சும். ஐந்து வோல்ட்டுக்குச் சுமார் 10. ஒரு ரீடிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே வோல்ட்டேஜ் நகர்ந்துவிட்டாலோ கழிவே கிடையாது. வோல்ட்டுக்கு 40 முழுதாகத் தலையில் விழும்.

தேடுகிற அடையாளம் எவ்வளவு தெரியுமா? அணுக்கருப் பருமனால் வரும் நகர்வு வெறும் 9 மெகா ஹெர்ட்ஸ் அளவு! அதாவது நான் "பரவாயில்லை" என்ற ஐந்து வோல்ட், தேடி வந்ததையே விழுங்கிவிடும்.

சரி, அவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல மீட்டர் வாங்கினார்களா? அதுவும் நடந்தது. உயர் துல்லிய மின்னழுத்தப் பகுப்பான் ஒன்றை வைத்து ஐசோல்டேயின் மின்னழுத்தத்தை அளவுத்திருத்தம் செய்த விவரம் 2011-ல் வெளியானது. ஆனால் பெரிலியம் குழுவினர் அதற்கும் மேலே போனார்கள். மின்னழுத்தமே தேவைப்படாத வழி கண்டார்கள்.

ஒரு லேசரை அயனியின் பின்னாலிருந்தும், இன்னொன்றை எதிரிலிருந்தும் செலுத்தினார்கள். ஒன்றின் அதிர்வெண் கூட்டி வைக்கப்பட வேண்டும். மற்றதன் அதிர்வெண் குறைத்து. ஐன்ஸ்டைனின் சார்பியலின்படி இந்த இரண்டு அதிர்வெண்களையும் பெருக்கினால், நிற்கும் அயனியின் அதிர்வெண்ணின் வர்க்கம் கிடைக்கும். வேகம் விடையில் வரவே வராது. கூட்டியதும் குறைத்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வேகம் வராததால் வோல்ட்டும் வராது. மீட்டர் பொய் சொன்னாலும் விடை கெடாது! லேசர் அதிர்வெண்ணை அளக்க "அதிர்வெண் சீப்பு" என்ற கருவி. அதற்கு வழிவகுத்ததற்காகத்தான் ஹால், ஹென்ஷ் ஆகியோருக்கு 2005-ன் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

2009-ல் முடிவு வெளிவந்தது. பெரிலியம்-10-ன் மின்னூட்ட ஆரம் 2.357 ஃபெம்டோ மீட்டர், பெரிலியம்-11-க்கு 2.463. கூடுதலாக வந்தது ஒரு நியூட்ரான். அதற்கு மின்னூட்டமே இல்லை. பிறகு மின்னூட்ட ஆரம் ஏன் பெருத்தது? அப்பா குழந்தையின் கையைப் பிடித்துச் சுற்றும்போது அப்பாவும் இடம் பெயர்ந்து சுற்றுவார் அல்லவா? பெரிலியம்-11-ல் கடைசி நியூட்ரான் வெகு தூரத்தில் ஒளிவட்டம்போல் சுற்றுகிறது. அதனால் நடுக்கருவும் அசைந்தாடுகிறது. அந்த அசைவே ஆரத்தில் தெரிகிறது.

கால்சியம்-52-க்கும் விடை கிடைத்தது. நொடிக்குச் சில நூறு அயனிகளே கிடைத்தும், இஸ்கூல் அடைத்துவிட்ட கொத்துகளைக் கொண்டு கொலாப்ஸ் பாதையில் அளந்தார்கள், 2016-ல் வெளியானது. 32 நியூட்ரான் என்பது உறுதியான "மாய எண்", எனவே கரு கச்சிதமாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆரமோ எதிர்பாராத அளவு பெரிதாக வந்தது. புள்ளி கோட்டில் உட்காரவில்லை, நண்பர்களே! யாரும் ரப்பரை எடுக்கவில்லை. அப்படியே வெளியிட்டார்கள். கோடு போட்டவர்கள்தான் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று.

என் ஐந்தாவது புள்ளி

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் 11.8 நினைவுக்கு வந்தது. அன்று நான்கு ரீடிங் முடிந்ததும் எங்கள் மீட்டரை அடுத்த பேட்ச் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்தாவதை அலமாரியிலிருந்த வேறொரு மீட்டரில் எடுத்தேன். அதை எங்கேயும் குறிக்கவில்லை.

மறுநாள் சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ரெண்டு மீட்டரையும் எடுத்துட்டு வா" என்றார். இரண்டையும் ஒரே சப்ளைக்குக் குறுக்கே இணையாக இணைத்தோம். ஒன்று 12.4, மற்றது 12.0. எது சரி? அளவுத்திருத்தச் சான்று உள்ள மல்டிமீட்டரை பீரோவிலிருந்து எடுத்து வைத்தார். 12.0!

அதாவது அழகான கோட்டில் உட்கார்ந்திருந்த நான்கு ரீடிங்கும் தப்பு, 0.4 வோல்ட் கூடுதல். நான் ரப்பரால் அழித்த 11.8 ஒன்றுதான் சரி. அதை அப்படியே விட்டுவைத்து, "வேறு மீட்டர்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், கெட்டுப்போன மீட்டரை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை பேட்ச் அந்த மீட்டரில் ரீடிங் எடுத்ததோ!

ரெக்கார்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பத்து ஏழானது. சார் சிவப்பு மையில் கையெழுத்திட்டார். மீட்டர் எண்ணை ஒவ்வொரு டேபுலர் காலத்தின் தலையிலும் எழுதும் பழக்கம் அன்று முதல் எனக்கு வந்தது.

தோழர்களே! இந்தக் கற்றைப் பாதைகளைக் கட்டுவதிலும் பராமரிப்பதிலும் விஞ்ஞானிகளோடு தொழில்நுட்பக்காரர்களின் கையும் சேர்ந்தே இருக்கிறது. ஃபிளாஞ்சை இறுக்குகிறவர், மீட்டரைத் திருத்துகிறவர், ரீடிங்கைக் குறிக்கிறவர் எல்லோருடைய வேலையும் கடைசியில் அந்த ஃபெம்டோ மீட்டரில் வந்து நிற்கிறது. நாளை நாம் எந்தப் பட்டறையில், எந்தத் தொழிற்சாலையில் இருந்தாலும் சரி, கோட்டில் உட்காராத புள்ளி ஒன்று வரத்தான் போகிறது. அப்போது ரப்பரைத் தேடாமல், எந்த மீட்டர் என்று முதலில் பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல்